மனமகிழ் மன்றம் என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள்

முதல் சண்டையே பெயர் வைப்பதில்தான் வந்தது. ஊருணிக் கரையில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வாசகசாலையைத் திறந்து, சின்னது பெரிசு எல்லாரும் வந்து உட்கார, விளையாட ஓர் இடமாக்கலாம் என்று ஊர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல தமிழில் இருக்கட்டுமே என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா ஒருவர் "மனமகிழ் மன்றம்" என்றார். பின்வரிசையிலிருந்து ஓர் ஆச்சி எழுந்தார். "ஏன்யா, இருக்கிற ஆம்பளைங்க ஏற்கெனவே மனம் மகிழ்ந்து ரோட்டுல கிடக்கிறது போதாதாக்கும்?"

கூட்டம் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. ஆச்சி சொன்னதில் நியாயம் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டால் தமிழ்நாட்டில் யாருக்கும் கேரம் போர்டு நினைவுக்கு வராது. உரிமம் வாங்கி மது ஊற்றுகிற, உள்ளே சீட்டு புரளுகிற கிளப்தான் வரும். அப்படி ஒரு பலகை மாட்டியிருந்தால் ஒரு வீட்டிலிருந்தும் பெண்பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டார்கள். அதனால் வாசகசாலை என்ற பழைய பெயரே நின்றது. வாசிக்க வருகிறவர்கள் நாலைந்து பேர்தான், அது வேறு விஷயம்.

நான் மதுரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் எங்கள் ஊர். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று பலகாரம் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். வீட்டில் நான், 72 வயது அத்தை, எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன். எங்கள் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான். சம்பாதிக்கிறவர் ஒரு நாட்டில், பிள்ளைகளும் பெரியவர்களும் இங்கே, நடுவில் அடுப்படியில் ஒரு பெண். சாயங்காலம் ஆனால் அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டு திண்ணையில் இருப்பார். மகன் போனில், மகள் மாடியில். நான் எண்ணெய்ச் சட்டி முன்னால். ஒரே கூரைக்குக் கீழே நாலு பேரும் நாலு மூலை. இந்த வேலையில் நான் போய் மாட்டிக்கொண்டதற்குச் சமூக சேவை ஆசை எல்லாம் காரணமில்லை. மகன் கையிலிருந்து போனை வாங்க வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நாங்கள் பார்த்தது ஒரு பெரிய வீட்டை. ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கா பஞ்சம்? கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்றால் திறப்பார்கள், நாலு நாள் வெளிச்சமாக இருக்கும், திரும்பப் பூட்டு. அப்படி ஒரு வீட்டுக்காரர் முகப்பை மட்டும் சும்மாவே தருகிறேன் என்றார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண், மே மாதத்திலும் உள்ளே குளுகுளு என்றிருக்கும். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வீட்டுக்குப் பதினோரு பங்கு. பத்துப் பேர் சரி என்றார்கள். பதினோராவது பங்காளி வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஏழு மாதம் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் வாசகசாலைப் பக்கம் திரும்பினோம். செட்டிநாட்டில் யாராவது இதைச் செய்ய நினைத்தால் நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டின் அழகைப் பார்க்காதீர்கள், பங்கு எத்தனை என்று கேளுங்கள்.

வாசகசாலை ஊராட்சிக்குச் சொந்தம், பங்காளித் தொல்லை இல்லை. கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வைத்து நகல் வாங்கிக்கொண்டோம். தலைவர் மாறினாலும் தாள் மாறாது, வாய்ப்பேச்சு அப்படியில்லை. பிறகு சங்கமாகப் பதிவு செய்தோம். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். எங்கள் ஏழு பேரில் நாலு பேர் பெண்கள். வீராப்புக்காக வைத்ததல்ல. ஊரில் நிரந்தரமாக இருக்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தபோது அப்படித்தான் வந்தது.

இந்தச் சீமைக்குச் சங்கம் புதிதில்லை. காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தொடங்கியது 1917இல். 1919இல் பாரதியாரே அங்கு வந்து போனார். சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியது 1939இல். அந்தக் காலத்தில் கம்பன் விழாவுக்கு அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போனதாக வாத்தியார் ஐயா சொல்லுவார். அதைக் கேட்டுவிட்டு எங்கள் அத்தை ஒருநாள் கேட்டார்: "ஒங்க அம்மா எதுல போனாக?" ஐயாவிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி என் மண்டையில் நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

திறந்தபோது நாங்கள் செய்தது முழு முட்டாள்தனம். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை என்று ஆபீஸ் மாதிரி நேரம் எழுதி ஒட்டினோம். அது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், பெண்கள் அடுப்படியில் இருக்கிற நேரம், சித்திரை வெயில் கல்லைப் பிளக்கிற நேரம். இரண்டு மாதம் அந்த மின்விசிறிக்குக் கீழே ஒரே ஒருவர்தான் தூங்கினார், அவரும் எங்கள் செயற்குழு உறுப்பினர். இப்போது காலை ஐந்தரை முதல் ஏழரை, மாலை நாலே முக்கால் முதல் எட்டரை. நடுவில் பூட்டு.

பூட்டு என்றதும் சாவி. ஆரம்பத்தில் ஒரே சாவி, அது பொருளாளர் அண்ணனிடம். அவர் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டார். வந்து பார்த்துப் பூட்டைத் தட்டிவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் அடுத்த பத்து நாள் வரவே இல்லை. ஒருநாள் ஏமாந்தவன் மறுநாள் எட்டிப் பார்க்கலாம், இரண்டாம் நாளும் ஏமாந்தால் போனை எடுத்துவிடுவான். இப்போது மூன்று சாவிகள். ஒன்று எதிரே பெட்டிக்கடையில், ஒன்று எங்கள் வீட்டு ஆணியில், ஒன்று காலையில் நடக்க வருகிற மின்வாரிய அண்ணனிடம். மூன்று பேரும் ஒரே விசேஷத்துக்குச் சேர்ந்து போகக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு.

அந்த மின்வாரிய அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ஆசையாக 44 அடிக்கு 20 அடி அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஷட்டில் கோர்ட் போட்டோம். ஊருணிப் பக்கமிருந்து சாயங்காலம் அடிக்கிற காற்றில் கார்க் ஒரு பக்கம் போனால் திரும்பாது. பாதி நேரம் பிள்ளைகள் அதைத் தண்ணீரிலிருந்து குச்சி வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து இரண்டு பழைய மரமட்டைகளை எடுத்து வந்தார். பூப்பந்து. தஞ்சாவூர் அரச குடும்பத்தில் பிறந்த விளையாட்டு, மஞ்சள் கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். பந்துக்குக் கொஞ்சம் கனம் இருப்பதால் காற்று அவ்வளவாகத் தூக்காது. ஷட்டில் என்றால் நாலு பேர் ஆட, நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இதில் பத்துப் பேர். ஓட முடியாத பெரியவர் ஒருவர் பின்னால் நின்று அடிக்கலாம், துள்ளுகிற பையன் முன்னால் நிற்கலாம். அண்ணனுக்கு வயது 66. அவருடைய அணியில் சென்ற வாரம் ஒரு ஏழாம் வகுப்புப் பையன். "தாத்தா, விடுங்க, நான் எடுக்கிறேன்" என்று அவன் கத்துவதும், "தாத்தாங்காத, ஆட்டத்துல அண்ணேன்னு சொல்லு" என்று இவர் கத்துவதும் எங்கள் வீடு வரை கேட்கும்.

அணி பிரிப்பது சீட்டுப் போட்டுத்தான். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் தெருத் தெருவாகப் பிரிந்து நிற்பார்கள். எங்கள் பக்கம் தெரு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் மாதம் ஒரு வீட்டில் "அந்தத் தெருப் பசங்களும் அதே பானையிலயா தண்ணி குடிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றோம். அந்த வீட்டுப் பிள்ளையை ஆறு மாதம் அனுப்பவில்லை. பிறகு அவனே வர ஆரம்பித்தான், வீட்டுக்குத் தெரியுமா என்று நாங்கள் கேட்கவில்லை. பெரிய மாற்றம் வந்துவிட்டது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பானை மட்டும் இன்றும் ஒன்றுதான்.

என்னை இந்த வேலையில் கட்டிப்போட்டது பெண்பிள்ளைகள் விஷயம். திறந்து மூன்று மாதம் வரை மைதானத்தில் ஒரு பாவாடை, ஒரு சுடிதார் கிடையாது. பையன்கள் விரட்டவில்லை, அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். நாங்கள் ஐந்து முதல் ஆறேகால் வரை பெண்பிள்ளைகளுக்கு என்று நேரம் ஒதுக்கினோம். அப்போதும் வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "துணைக்கு யார் இருக்கா?" என்றார்கள்.

அதே நேரத்தில்தான் சுவரோரம் மூன்று சிமெண்டுப் பெஞ்சு போட்டிருந்தோம். ஊரிலிருந்து மூப்படைந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அத்தையும்தான். அவர் வந்தது உடம்பைத் தேற்றிக்கொள்ள இல்லை. வீட்டில் கரண்ட் போயிருந்தது, இங்கே வெளிச்சம் இருந்தது. பெஞ்சில் ஐந்தாறு அப்பத்தாக்கள் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்த வாரம், பெண்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். யாரும் திட்டமிடவில்லை. பேத்தியை அழைத்து வருவது அப்பத்தாவுக்கு நடையாயிற்று, அப்பத்தா உட்கார்ந்திருப்பது பேத்திக்கு அனுமதியாயிற்று. கேமரா வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எங்கள் பெஞ்சில் இருக்கிற கண்களைத் தாண்டி ஒரு பையன் விசிலடித்துவிட்டுப் போகட்டும் பார்க்கலாம் என்றேன்.

முதியவர்களுக்கு ஒரு நாள், பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்று பிரிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் அனுபவத்தில் அது தப்பு. ஒருவர் வருவதற்கு இன்னொருவர்தான் காரணம். பிரித்தால் இரண்டு பேரும் வர மாட்டார்கள்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். வந்த இரண்டாம் வாரம் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்தார்கள். ஏழேழு பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எதிரே என் மகன். அவன் ஒவ்வொரு குழியாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, அத்தை தலையைக்கூட அசைக்காமல் எதிர்ப்பக்கத்துக் குழிகளைக் கண்ணால் ஒரு வழி வழித்தார். மூன்றாவது குழியிலிருந்து எடுத்து டக் டக் என்று போட்டுக்கொண்டே போய், வெறுங்குழியை ஒரு தடவு தடவி, அடுத்த குழியை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டார். இவன் பக்கத்தில் நாலு சேர்ந்த குழியை இவன் பார்ப்பதற்குள், "பசு" என்று அதையும் எடுத்துக்கொண்டார். அரை மணியில் பையனிடம் ஒரு கொட்டை இல்லை. "இன்னொரு ஆட்டம் அப்பத்தா" என்றான். அவன் அப்பத்தாவிடம் எதையாவது கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. போன் திண்ணையில் கிடந்தது. போனை அவன் விட்டுவிட்டான் என்று சொல்லவில்லை, ஒன்றரை மணி நேரம் மறந்தான்.

முழங்கால் கதை வேறு. காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிற எங்கள் ஊர்ப் பெண் மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள். அவள் சொல்லித்தான் தெரியும்: வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும், 65 வயதைத் தாண்டியவர்கள் அதோடு வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் கால் நிதானத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும், பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேர ஓட்டம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்காம். அத்தைக்குக் கொடுத்தது ஒரே பயிற்சி. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது, மெதுவாக உட்காருவது. முதல் நாள் இரண்டு தடவைக்கு மேல் முடியவில்லை, மூன்றாவதில் என் தோளைப் பிடித்தார். இப்போது பத்து. வலி போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் கோயில் படி ஏறும்போது என்னைத் தேடுவதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டு வருகிற பெண்ணும், முன்பு வீடு வீடாக அலைந்தவள், இப்போது பாதிப் பேரை இங்கேயே பிடித்துவிடுகிறாள். "மக்கள் தேடி வந்துட்டாங்க அக்கா" என்று சிரிக்கிறாள்.

ஆனால் பெஞ்சில் யாரும் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரவில்லை, முதல் வருஷம். காரணம் சொல்லவும் மாட்டார்கள். சர்க்கரைக்காரர்கள், வயதானவர்கள், மாதவிலக்கு நாளில் இருக்கிற பிள்ளைகள், யாருக்கும் ஒதுங்க இடமில்லை. நான் கணக்கு எழுதுகிறவள், அதனால் சொல்கிறேன்: நாங்கள் செய்த செலவிலேயே அதிகப் பலன் தந்தது கழிப்பறை. ஒன்று வெஸ்டர்ன், பக்கத்தில் பிடித்து எழ ஒரு இரும்புக் கம்பி. கட்டி முடித்த மாதம் பெண்கள் கூட்டம் இரண்டு மடங்கு ஆனது. நீங்கள் ஏதாவது ஊரில் இப்படித் தொடங்கினால் கேரம் போர்டுக்கு முன்னால் அதைக் கட்டுங்கள்.

கஷ்டம் என்னவென்றால் கழிப்பறைக்கு யாரும் நன்கொடை தர மாட்டார்கள். கேரம் போர்டு, கடிகாரம், மின்விசிறி என்றால் வரிசையில் நிற்பார்கள், பெயர் எழுத இடம் இருக்கிறதே. எங்களிடம் ஏழு சுவர்க் கடிகாரம் உண்டு, ஏழும் ஏழு விதமாக மணி காட்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒருவர் டிரெட்மில் ஒன்று வாங்கி வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நாலு மாதத்தில் நின்றது, பழுது பார்க்க வந்தவர் கேட்ட தொகையில் இரண்டு பெஞ்சு போடலாம். இப்போது அதில் துண்டு காய்கிறது.

மாதச் செலவுக்கு வழி சொன்னவர் அந்த மனமகிழ் மன்ற ஆச்சிதான். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணம் ஆன குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. "அதே மாதிரி வீட்டை ஒரு புள்ளியா எழுது. பணக்காரனுக்கும் அம்பது, கூலிக்காரனுக்கும் அம்பது. யாரும் யாருக்கும் தர்மம் பண்ணலேன்னு இருக்கணும்" என்றார். 62 வீடு, மாதம் 50 ரூபாய். கழிப்பறை கழுவுகிற அக்காவுக்கு 1,500, மீதியில் கரண்டு பில், பினாயில், பல்பு, கம்பளிப் பந்து. வரவு செலவைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எழுத மறந்த ஒரே மாதத்தில் 18 வீடு பணம் தரவில்லை.

ஒரு தப்பையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊஞ்சலைச் சிமெண்டுத் தரையில் நட்டோம், சுத்தமாக இருக்கும் என்று. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று விழுந்து மோவாயில் மூன்று தையல். அந்தத் தாய் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். மறுநாள் தரையை உடைத்தோம். எம் சாண்டு கொட்டினால் ஒரு மழைக்கே இறுகிக் கல்லாகிவிட்டது. பிறகு வீடு பழுது பார்த்த ஒருவரிடம் மிஞ்சிய ஆற்று மணலை வாங்கி ஓரடி ஆழத்துக்கு நிரப்பினோம். வாரம் ஒருநாள் கிளறிவிட வேண்டும், ராத்திரியில் பூனை அசிங்கம் பண்ணாமல் தார்ப்பாய் மூட வேண்டும். அந்த வேலை இப்போது ஊஞ்சல் ஆடுகிற பிள்ளைகளுடையது.

சீட்டுக்கட்டுக்கு இடமில்லை என்று முதலிலேயே முடிவு. காசு வைக்காத ரம்மிதான் என்றார்கள் சில ஆண்கள், அப்படித்தான் எங்கும் ஆரம்பிக்கும். கோபித்துக்கொண்டு போனவர்களில் மூன்று பேர் தாயத்துக்குத் திரும்பி வந்தார்கள். சாக்பீஸில் கட்டம் வரைந்து, பித்தளைக் கட்டையை உருட்டி, தாயம் விழாமல் காய் இறங்காத எரிச்சலில் அவர்கள் போடுகிற சத்தம் ரம்மியை விடப் பெரிது. வெட்டுப்பட்ட காய்க்காக இரண்டு சம்பந்திகள் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

இப்போது தலைவலி மேற்குப் பக்கத்து ஓடு. போன மழையில் புத்தக அலமாரி வரை ஒழுகிவிட்டது. ஐப்பசிக்குள் பிரித்து மாட்ட வேண்டும், கழிப்பறைத் தொட்டியும் நிரம்பிவிட்டது. போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார், இரண்டு வேலைக்கும் தானே முழுப் பணமும் தருவதாக. சந்தோஷத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார், அப்பாவின் பெயரில் ஒரு கருங்கல் பலகை வைக்க இடம் இருக்குமா என்று. முன்சுவர் முழுக்க ஏற்கெனவே பெயர்கள். கழிப்பறைச் சுவரில் நல்ல இடம் இருக்கிறது ஐயா, எல்லாரும் தினமும் பார்ப்பார்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.